பந்தயத்தில் வண்டியை நிறுத்தியவர்கள்

மக்கா, கோயம்புத்தூரிலிருந்து நீ போட்ட கடிதம் வந்து நாலைந்து நாளாகிறது. பதில் தாமதமானதற்குக் காரணம் அம்மாவின் கோபம் இல்லை. ஆஸ்பத்திரி வார்டில் வயிற்றுப்போக்குக் கேஸ்கள் குவிந்து கிடக்கின்றன. வீட்டுக்கு வந்தால் காலை நீட்டி உட்காரத்தான் தோன்றுகிறதே தவிர பேனாவைத் தொடத் தோன்றவில்லை. இன்று எனக்கு விடுமுறை. அப்பா விடியற்காலையிலேயே பஸ் எடுக்கப் போய்விட்டார். சோற்றை வடித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நீளமாகத்தான் எழுதப் போகிறேன், அவசரப்படாமல் படி.

நீ எழுதியது இதுதான். நீயும் உன் ஒர்க் ஷாப் ஆட்களும் சேர்ந்து கட்டிய ஒற்றை ஆள் காரை அடுத்த மாதம் சோழவரம் பந்தயத்தில் ஓட்டப் போகிறீர்கள். ஓட்ட வேண்டியவர் ஒதுங்கிக்கொண்டதால் முதலாளி உன்னையே ஏறச் சொல்கிறார். நான் சரி என்று சொன்னால்தான் ஏறுவாய். இதுவரை சந்தோஷம். அதற்கடுத்த வரியில்தான் எனக்குச் சுருக்கென்றது. "அப்பாவிடம் கேட்க வேண்டாம், வேகம் என்றாலே அவருக்கு ஆகாது, இந்தப் பந்தயமெல்லாம் அவருக்குப் புரியவும் புரியாது" என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு பெரிய கடிதம்.

இந்த வீட்டில் உலக மோட்டார் பந்தயத்தின் சரித்திரம் தெரிந்த முதல் ஆள் நீ இல்லை, உன் அப்பா. நீ படம் வெட்டிச் சுவரெல்லாம் ஒட்டினாயே, அந்த இங்கிலீஷ் புத்தகங்கள் உனக்காக வந்தவை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அப்போது உனக்கு டவுசர் நழுவுகிற வயது. கடையநல்லூர் காதர் பாய் முதலில் அப்பாவோடு ஒரே பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். பிறகு வளைகுடாவில் ஒரு கார் ஷெட்டில் வேலை கிடைத்துப் போனார். அங்கே வெள்ளைக்காரர்கள் படித்துவிட்டுத் தூக்கிப் போட்ட மோட்டார் பத்திரிகைகளை லீவில் வரும்போதெல்லாம் கட்டாகக் கட்டி அப்பாவுக்குக் கொண்டுவருவார். மற்றவர்களுக்கு சென்ட் பாட்டில், அப்பாவுக்குப் பழைய புத்தகம். அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்கு நர்ஸ் படிப்பில் கற்றுக்கொடுத்த இங்கிலீஷ்தான் தெரியும்.

"ஏட்டி, இதுல என்ன போட்டிருக்கான்? வண்டி என்ன இப்படித் தரையோட தரையா கெடக்கு?" என்று ஆரம்பிப்பார். நான் அரிசி களைந்துகொண்டோ துணி மடித்துக்கொண்டோ வாசித்துத் தமிழில் சொல்வேன். எனக்கு அதில் ஒரு ஆர்வமும் கிடையாது. கேஸ் ஷீட் வாசிப்பது போலத்தான் வாசித்தேன். ஆர்வம் இல்லாமல் வாசித்ததால்தானோ என்னவோ எல்லாம் அப்படியே மனதில் நின்றுவிட்டது. நீ படத்தை மட்டும் வெட்டிக்கொண்டாய், எழுத்தைக் குப்பையில் போட்டாய். அந்த எழுத்தில் இருந்ததைத்தான் இப்போது சொல்கிறேன்.

கார் என்று ஒன்று வந்த உடனேயே பந்தயமும் வந்துவிட்டது. பிரான்ஸ் தேசத்தில் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு, சாதாரண ரோட்டிலேயே ஓட்டினார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள், ஆடு மாடு, நாய் எல்லாம் குறுக்கே. பாரிசிலிருந்து ஸ்பெயினுக்குப் போன ஒரு பந்தயத்தில் அத்தனை பேர் அடிபட்டதில் அரசாங்கமே பாதி வழியில் நிறுத்தி, கார்களைக் குதிரை கட்டி இழுத்து ரயில் ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட்டது. இதை வாசித்தபோது அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அதற்கென்று தனிப் பாதைகள் வந்தன. இத்தாலிக்காரனுக்குச் சிவப்பு, இங்கிலீஷ்காரனுக்குப் பச்சை, பிரெஞ்சுக்காரனுக்கு நீலம் என்று தேசத்துக்கு ஒரு நிறம். இரண்டாவது உலக யுத்தம் முடிந்து சில வருஷத்தில் உலகச் சாம்பியன் பட்டம் வைத்தார்கள். அர்ஜென்டினாக்காரர் ஒருவர், நாற்பது வயதைத் தாண்டியவர், அதை ஐந்து தடவை வாங்கினார். இடுப்பில் பெல்ட் கிடையாது. முட்டினால் வெளியே தூக்கி எறியப்படுவதே நல்லது என்று நம்பினார்களாம்! எறியப்பட்டவர்களைத் தினமும் பார்க்கிற எனக்கு வாசிக்கும்போதே ஆத்திரமாக வந்தது. அப்புறம் முன்னால் இருந்த இன்ஜினைப் பின்னால் கொண்டுபோனார்கள், இறக்கை வைத்தார்கள், தேசத்து நிறத்தை அழித்துவிட்டு சிகரெட் விளம்பரத்தைப் பூசினார்கள். இதெல்லாம் உனக்கும் தெரியும்.

உனக்குத் தெரியாத ஒன்று ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரைப் பற்றியது. பெல்ஜியத்தில் மழையில் அவருடைய கார் ரோட்டை விட்டு இறங்கி நசுங்கியது. பெட்ரோல் உடம்பெல்லாம் கொட்டிக்கொண்டிருக்க, ஸ்டியரிங்கைக் கழற்ற ஸ்பேனர் இல்லாமல் உள்ளேயே மாட்டிக்கொண்டு கிடந்தார். ஒருவழியாக வெளியே எடுத்துக்கொண்டுபோன இடத்தில் சிகரெட் துண்டுகள் சிதறிய தரையில் ஸ்ட்ரெச்சரோடு படுக்க வைத்தார்களாம். அதற்குப் பிறகு அவர் காருக்குள்ளேயே ஒரு ஸ்பேனரை ஒட்டி வைத்துக்கொண்டு ஓட்டினார். பெல்ட் வேண்டும், டாக்டர் வேண்டும், ஓரத்தில் தடுப்பு வேண்டும் என்று ஊர் ஊராகச் சண்டை போட்டார். பயந்தாங்கொள்ளி என்று சிரித்தார்கள். அவர் பாட்டுக்கு சாம்பியன் பட்டம் வாங்கிக்கொண்டே சண்டையும் போட்டார். நான் வாசித்ததில் எனக்குப் பிடித்த ஒரே பந்தயக்காரர் அவர்தான்.

இனி அப்பா விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர் மெதுவாகத்தான் ஓட்டினார் என்று நினைக்கிறாய். இல்லை. திருநெல்வேலிக்கும் சங்கரன்கோவிலுக்கும் நடுவில் அவரைப் போல விரட்டியவர் கிடையாது. அதே தடத்தில் இன்னொரு கம்பெனி பஸ் ஓடியது. அதன் டிரைவர் சுப்பையா. இரண்டு பஸ்ஸுக்கும் நேர வித்தியாசம் கொஞ்சம்தான். எது முன்னால் போகிறதோ அதற்குத்தான் வழியில் நிற்கிற ஆள். ஆகவே தினம் தினம் போட்டி. ஸ்டாண்டுக்கு வந்தால் இருவரும் ஒரே கடையில் டீ குடிப்பார்கள், பாத்துக்கோ. அத்தனை சிநேகிதம்.

அந்தக் காலத்தில் பஸ்காரர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒரு பஸ் பஞ்சராகி நின்றால் அதன் கண்டக்டர் ரோட்டில் நின்று துண்டை வீசுவார். பின்னால் வருகிற பஸ் நின்று அந்த ஆட்களை ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று அர்த்தம். ஆனால் அவர்கள் கையில் ஏற்கெனவே டிக்கெட் இருக்கும், இந்த பஸ்ஸுக்கு ஒரு பைசா கிடைக்காது. அவர்களை ஏற்றினால் அடுத்த ஊரில் நிற்பவர்களுக்கு இடமும் இருக்காது. அதனால் துண்டைக் கண்டதும் இரண்டு தடவை ஹார்ன் அடித்துவிட்டுப் பறந்துவிடுவார்கள். இதில் பகை ஒன்றும் கிடையாது. மறுநாள் டீக்கடையில் அதுதான் பேச்சு.

"என்ன வே, நேத்து நம்ம பய துண்டு வீசுனது கண்ணு தெரியலையோ?" என்று சுப்பையா கேட்பார்.

"உம்ம ஓட்ட வண்டிக்கு நான் என்ன வே மாமனா மச்சானா?" என்பார் அப்பா. சுப்பையாவும் இதையேதான் அப்பாவுக்குச் செய்வார். நானே ஒருமுறை அப்பா பஸ்ஸில் போய் அப்படி நடுரோட்டில் வெயிலில் காய்ந்திருக்கிறேன்.

நீ ஏழாம் வகுப்புப் படித்த வருஷம் ஒருநாள் காலை. சுப்பையா பஸ் அப்பாவை முந்திக்கொண்டு போயிருந்தது. பனவடலிசத்திரம் தாண்டி ஓடைப் பாலம் வரும், அங்கே ஒரு திருப்பம். திருப்பத்தில் அந்த பஸ் கண்டக்டர் நின்று துண்டை வீசுவதை அப்பா பார்த்தார். பஞ்சர் என்று நினைத்தார். பஸ்ஸைக் காணோமே என்று அரைக் கணம் தோன்றியதாம், மரத்தடியில் நிறுத்தியிருப்பான் என்று அதற்கு ஒரு சமாதானமும் தோன்றியதாம். இரண்டு தடவை ஹார்ன் அடித்தார், போய்விட்டார். சுப்பையாவின் பஸ் பாலத்துக்குக் கீழே ஓடைக்குள் மூக்கைக் குத்திக் கிடந்தது. ஆட்கள் இன்னும் மேலே ஏறி வந்திருக்கவில்லை. சுப்பையா ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் மாட்டியிருந்தார்.

அதற்கப்புறம் ரொம்ப நேரம் கழித்து வந்த மிளகாய் லாரியில் அவரை ஏற்றி எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். நான்தான் டூட்டி. தொடை எலும்பு முறிந்திருந்தது, ரத்தம் நிறையப் போயிருந்தது, ஆனால் நினைவு இருந்தது. "உங்க வீட்டுக்காரர் இன்னைக்கு நமக்கு முன்னால போயிட்டாரு தாயி" என்று என்னிடம் சிரித்தார். எனக்கு அப்போது அது வெறும் கேலியாகத்தான் பட்டது. கட்டுப்போட்டுக்கொண்டிருக்கும்போது ஸ்டாண்டில் சேதி கேள்விப்பட்டு அப்பா ஓடிவந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"ஏட்டி, அவன் துண்டு வீசுனான். நான் பாத்தேன். பஞ்சராக்கும்னு நெனச்சேன். ஹார்ன் அடிச்சிட்டு வந்துட்டேன்" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

நான் போய் வேலையைப் பார்க்கச் சொன்னேன். அவர் போகவில்லை. அன்று முழுக்கவும் மறுநாளும் வார்டு வாசலிலேயே நின்றார். மறுநாள் மத்தியானம் சுப்பையாவுக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்து, கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்தது. பெரிய எலும்பு முறிந்தால் சில சமயம் கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைத்துவிடும். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். அவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. சுப்பையாவின் மனைவி அப்பாவைப் பார்த்து, "கூடப் பொறந்தவங்க மாதிரி ரெண்டு நாளும் நின்னீகளே அண்ணாச்சி" என்று கும்பிட்டு அழுதாள். அந்தக் கும்பிடுதான் அப்பாவைக் கொன்றது.

போலீஸில் ஒன்றும் இல்லை, கம்பெனியில் ஒன்றும் இல்லை. நிற்காமல் போன பஸ்ஸை யாரும் குற்றம் சொல்லவில்லை, அதுதான் வழக்கம் என்று எல்லாருக்கும் தெரியும். அந்தக் கண்டக்டர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா எப்போதும் போல வேலைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். சுப்பையா பேரை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

சில மாதம் கழித்து காதர் பாய் லீவில் வந்து ஒரு கட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். மனசு மாறட்டும் என்று நானே ஒன்றைப் பிரித்து வாசிக்க உட்கார்ந்தேன். முன்கூட்டிப் படித்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு இல்லை. அது ஹாலந்தில் நடந்த பந்தயம். இளவயது இங்கிலீஷ்காரர் ஒருவருடைய கார் கவிழ்ந்து தீப்பிடித்தது. அவர் உயிரோடு அடியில் மாட்டிக்கொண்டார். பின்னால் வந்த இன்னொருவர், முன்பு பட்டாளத்தில் இருந்தவர், தன் காரை ஓரத்தில் நிறுத்திவிட்டு, மற்ற கார்கள் பறந்துகொண்டிருக்கிற பாதையைக் குறுக்கே ஓடிக் கடந்து, எரிகிற காரைத் தனி ஆளாகக் கையால் புரட்டப் பார்த்தார். அங்கிருந்த ஊழியர்களுக்குத் தீக்கான உடுப்பு இல்லை, கிட்டே போக முடியவில்லை. அவர் தீயணைக்கும் சிலிண்டரைப் பிடுங்கி அடித்தார், அதுவும் தீர்ந்துபோனது. கை காட்டினார், கெஞ்சினார். பந்தயத்தை நிறுத்தவில்லை. மற்ற எல்லாரும் அந்தப் புகையைக் கடந்து சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டே இருந்தார்கள். உள்ளே இருந்தவர் செத்துப்போனார்.

இந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும், நான் வாசித்துக்கொண்டே போய்விட்டேன். அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

"கடந்து போனவங்க என்ன நெனச்சாங்களாம்? போட்டிருக்கா?" என்று கேட்டார்.

போட்டிருந்தது. சொன்னேன். வெளியே நின்று தள்ளுகிறவர்தான் அந்தக் காரை ஓட்டிவந்தவர், அவர் தப்பித்துவிட்டார், தன் காரைத்தான் காப்பாற்றப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டார்களாம்.

அப்பா புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார். பிறகு, "அப்படித்தான் தோணும். ஓட்டுதவனுக்கு அப்படித்தான் தோணும்" என்றார். அன்றுதான் அவர் அழுது நான் பார்த்தேன். நானும் அழுதேன். அந்தப் பக்கத்தை மட்டும் அதற்கப்புறம் எத்தனையோ தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். மற்றப் புத்தகங்களை எல்லாம் உனக்குக் கொடுத்துவிட்டார்.

அதிலிருந்துதான் அவர் மெதுவாக ஓட்டுகிறார். யார் எதை ஆட்டினாலும் நிறுத்துவார். துண்டு, குடை, சும்மாடு, எது அசைந்தாலும் பிரேக்தான். ஆடு மேய்க்கிறவன் தீப்பெட்டி கேட்டு நிறுத்தியிருக்கிறான். ஒருமுறை மேலநீலிதநல்லூர் பக்கம் ஒருவர் வேட்டியை உதறிக் காயப்போட்டதற்கு பஸ்ஸை நிறுத்தி, "என்ன அண்ணாச்சி, என்ன ஆச்சு?" என்று இறங்கிப்போய்க் கேட்டிருக்கிறார். பஸ் முழுக்கச் சிரிப்பு. முதலாளி கூப்பிட்டுக் கத்தினார். பள்ளிக்கூடத்தில் உன்னைக் "கட்டவண்டி மகன்" என்றார்கள், நீ அழுதுகொண்டு வந்தாய். நீ வேகத்தைப் பிடித்துக்கொண்டதே அந்தக் கேலியில்தான் என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. போன பொங்கலுக்கு வந்தபோது அவர் முகத்துக்கு நேரே, "ஒங்கள மாதிரி மாடு மேய்க்கிற வேகத்துல ஓட்டிக்கிட்டு என்னால இங்கன கெடக்க முடியாது" என்றாய். அவர் இலையில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்துவிட்டு எழுந்து போனார். பதில் இல்லாததால் எழுந்து போகவில்லை மக்கா.

தீயில் வெந்த ஆஸ்திரியாக்காரரின் படம் உன் சுவரில் இருந்ததே, அவரைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் தீயில் மாட்டி, சாகப்போகிறார் என்று பாதிரியாரை வரவழைத்த பிறகு, சில வாரத்திலேயே ரத்தம் கசிகிற கட்டோடு திரும்பி வந்து ஓட்டினார். நீங்கள் எல்லாரும் அதைத்தான் வீரம் என்கிறீர்கள். அதே வருஷம் கடைசிப் பந்தயம் ஜப்பானில். கொட்டுகிற மழை. பட்டம் அநேகமாக அவர் கையில். வெந்துபோன இமை சரியாக மூடித் திறக்காத நிலையில் இரண்டு சுற்று போய்ப் பார்த்தார். இது கார் ஓட்டுகிற மழை இல்லை என்று வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி இறங்கிவிட்டார். இன்ஜின் கோளாறு என்று சொல்லிவிடலாம் என்றார்களாம் கூட இருந்தவர்கள். வேண்டாம், நானாகத்தான் நிறுத்தினேன் என்று சொல்லுங்கள் என்றார். ஒரே ஒரு பாயிண்டில் பட்டம் போனது. அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "அவன் டிரைவரு" என்றார். அவர் வேறு யாரையும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

நீ கேட்க வேண்டாம் என்று எழுதியும், உன் கடிதத்தை நேற்று அப்பாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டேன். அந்த வரியையும் விடாமல் வாசித்தேன். கேட்டுவிட்டு, "புரியாதுன்னா எழுதிருக்கான்?" என்று லேசாகச் சிரித்தார். சுப்பையா விஷயத்தை உனக்கு எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுது. நான் சொன்னா அவன் மூஞ்சியப் பாக்க முடியாது. நீயே எழுதிரு. பிரேக்க மத்தவன் பாத்தான்னு நம்பிராம அவனே ஒரு தடவ பாக்கச் சொல்லு" என்றார். சோழவரத்துக்கு வருகிறீர்களா என்றதற்கு மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். அவரை வற்புறுத்தாதே.

என் பதில் சரி என்பதுதான். நீ அடிபடுவாயோ என்ற பயம் எனக்கு இல்லாமல் இல்லை. இருக்கிறது. ஆனால் அந்தப் பயத்தோடு இருக்க என் வேலை எனக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது. ஹார்ன் அடித்துவிட்டு வந்த ஒருவரோடு பத்து வருஷத்துக்கு மேல் குடித்தனம் பண்ணிவிட்டேன். அப்படி வந்த மகனோடும் இருக்க என்னால் முடியாது. மழை கண்ணை மறைத்தால் நிறுத்து, யார் சிரித்தாலும் கவலை இல்லை. பாதையில் யாராவது கை காட்டினால் அவர் எதற்காகக் காட்டுகிறார் என்று நீயே ஒரு பதிலைச் சொல்லிக்கொள்ளாதே, நின்று பார்.

நான் லீவு போட்டுவிட்டேன். உன் முதலாளிக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். பந்தயம் பார்க்கிறவர்களோடு எனக்கு இடம் வேண்டாம், ஆம்புலன்ஸ் நிற்கிற இடத்தில் நிற்கிறேன், என் உடுப்போடு வருகிறேன், ஒரு கை கூடுதலாக இருக்கட்டும் என்று கேட்டிருக்கிறேன். அன்றைக்கு யாராவது கீழே விழுந்தால் நான் அவர் பக்கத்தில்தான் இருப்பேன், அது நீயாக இருந்தாலும் வேறு யாராக இருந்தாலும். விழுந்தவருக்காக நீ வண்டியை நிறுத்தியிருந்தால் என்னை அங்கே பார்ப்பாய். நிறுத்தாமல் போய் ஜெயித்திருந்தால், உனக்கு மாலை போடும்போது என்னைத் தேடாதே.

அம்மா